நமுத்த மாத்திரை

வேப்பம்பட்டு
26-10-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ரேணுகா எழுதுகிறேன். அண்ணி, பிரியா, நான் மூவரும் சௌக்கியம். மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும்தான் உடம்பு சரியில்லை, ஒழுகுகிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? வேலூர் ஜெயிலில் பாய் தருகிறார்களா, வெறும் தரையா என்று அண்ணி தினமும் கேட்கிறாள். என்னைப் பார்த்துக் கேட்பதில்லை, சுவரைப் பார்த்துக் கேட்கிறாள். அதற்கு மட்டுமாவது பதில் எழுது.

ஒரு நல்ல செய்தி. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் என்னை அட்டைப்பெட்டி ஒட்டும் வேலையிலிருந்து உள்ளே மாற்றிவிட்டார்கள். கார் மோதினால் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு பை உப்பி வந்து முகத்தைத் தாங்குமே, ஏர்பேக், அதற்குள் காற்றை உண்டாக்கும் டப்பாவைத்தான் இங்கே செய்கிறோம். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதற்குள் மாத்திரை மாத்திரையாக மருந்து. பார்த்தால் ஜுர மாத்திரை மாதிரியே இருக்கிறது, கொஞ்சம் பச்சை நிறம். அதை எடை பார்த்து டப்பாவில் நிரப்புவது இனி என் வேலை. பிரியாவிடம் சொன்னேன். "இன்னா அத்த, காருக்கு ஜுரமா?" என்று சிரிக்கிறாள். பதினொன்றாம் வகுப்பு வந்தும் வாய் குறையவில்லை.

அவள் பள்ளிக்கூடத்தில் யாரோ உன்னைப் பற்றி ஏதோ கேட்டார்களாம். "எங்க அப்பா மேல தப்பே இல்ல. பிரேக் புடிக்கல. ஹைகோர்ட்டுல கேஸ் போட்டுகீறோம், பாரு" என்று பட்டென்று சொல்லிவிட்டு வந்தாளாம். வந்து என்னிடம் சொன்னபோதுதான் அழுதாள். வக்கீல் தை மாதத்துக்குள் மனு விசாரணைக்கு வரும் என்கிறார். சவாரி வந்த முகப்பேர் ரவிச்சந்திரன் சார் உன் காரில் இறந்து அடுத்த மாதம் மூன்று வருடம் ஆகிறது.

போனில் பேசினால் பின்னால் பத்துப் பேர் நின்று அவசரப்படுத்துகிறார்கள் என்றாய். பரவாயில்லை, எழுதுவோம். எழுதும்போது நீ பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

உன் தங்கை,
ரேணுகா

*

வேலூர்
8-11-2025

அன்புத் தங்கை ரேணுவுக்கு,

அண்ணன் மணவாளன் எழுதுவது. நலம். பாய் உண்டு, தலையணைதான் கிடையாது என்று சுவரிடம் சொல்லிவிடு. தோல் பட்டறையில் போட்டிருக்கிறார்கள், பூட்ஸுக்கு அடிப்பாகம் தைக்கிறேன். முதுகு வளைந்து வளைந்து வலி தானாகவே போய்விட்டது.

உனக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். உள்ளே வருகிற கடிதமும் வெளியே போகிற கடிதமும் இங்கே ஓர் ஐயா படித்த பிறகுதான் முத்திரை விழும். நல்ல மனிதர். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பார். உன் கடிதத்தைக் கொடுக்கும்போது, "உன் பொண்ணுக்கு வாய் ஜாஸ்திப்பா" என்று சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

உன் புது வேலையைப் பற்றி இன்னும் எழுது. இங்கே மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாச் சத்தமும் அடங்கிவிடும். பட்டறை மிஷின் நிற்கும். அப்போது உன் டப்பாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மருந்து வெடிக்குமா, எரியுமா? முகத்தைச் சுடாதா? எவ்வளவு நேரத்தில் பை நிரம்பும்?

இன்னொன்று. என் பழைய வண்டியில் பை கிடையாது. ஒருவேளை இருந்திருந்தால் சார் பிழைத்திருப்பாரா? உனக்குத் தெரிந்தால் எழுது.

பிரியாவை அந்தப் பேச்செல்லாம் பேச வேண்டாம் என்று சொல். படிக்கச் சொல்.

உன் அண்ணன்,
மணவாளன்

*

வேப்பம்பட்டு
16-11-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். அண்ணி தலையணை உறையில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தாள். ஜெயிலுக்குள் அதெல்லாம் அனுமதிக்க மாட்டார்கள் என்றேன். "தெரியும், சும்மா தைக்கிறேன்" என்றாள். தைக்கட்டும்.

நீ கேட்டதைச் சொல்கிறேன், படுத்துக்கொண்டே படி. முதலில் எங்கள் அறை. அதற்கு ஜன்னல் கிடையாது. வெளிக்கதவு மூடினால்தான் உள்கதவைத் திறக்கலாம். உள்ளே போகும் முன் சுவரில் பதித்த செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் ஒட்டியிருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடுமாம், இல்லையென்றால் பொறி தட்டி மருந்து பற்றிக்கொள்ளுமாம். பெருக்க வரும் துலுக்கானம் அக்கா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே வரும். கேட்டால், "சோறு போட்ற எடம், ஒத்திக்கினா இன்னா தப்பு?" என்கிறது. பட்டு, நைலான் கூடாது. தலையில் பூ கூடாது, பூவில் ஈரம் இருக்கிறதல்லவா! அந்த அறைக்கு ஈரம்தான் எதிரி. காற்றைப் பிழிந்து காய வைத்துத்தான் உள்ளே விடுகிறார்கள். உதடு வெடிக்கிறது, கண் எரிகிறது. பத்து மணிக்கே எனக்கு மழைக் கனவு வந்துவிடும்.

இனி டப்பா. கார் மோதியது என்று தெரிந்ததும் ஒரு சின்னப் பொறி. மாத்திரை வெடிக்காது அண்ணா, எரியும். ஆனால் அவ்வளவு வேகமாக எரியும். எரிந்து ஆவியாக மாறும். அந்த ஆவி கம்பிவலையில் புகுந்து வரும்போது சாம்பலும் சூடும் வலையில் தங்கிவிடும், பைக்குள் வெறும் காற்று மாதிரிதான் போகும். முன்காலத்தில் விஷ மருந்து வைத்தார்களாம், இது அந்த மாதிரி இல்லை. பள்ளிக்கூடத்தில் மாத்திரை என்றால் கண் இமைக்கிற நேரம் என்று படித்தோமே, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று. அந்த மாத்திரையில் பத்தில் ஒரு பங்குதான் இந்த மாத்திரை எடுத்துக்கொள்கிறது. பை முழுதாக உப்பிவிடும். முகம் வந்து விழுந்ததும் பின்னாலுள்ள ஓட்டை வழியாகக் காற்று இறங்கும், தலையைத் தாங்கி மெல்லக் கீழே வைக்கும். கோபி சார், எங்கள் இன்சார்ஜ், அதை மெதுவாக ஓடும் வீடியோவில் காட்டினார். சத்தமே இல்லாமல் அந்த வெள்ளைப் பை விரிந்துகொண்டே இருந்தது. எனக்குத் தூக்கம் வருகிற மாதிரி, யாரோ மடியில் போட்டுக்கொள்கிற மாதிரி இருந்தது. மூன்று முறை பார்த்தேன்.

மழை தொடங்கிவிட்டது. ஸ்வெட்டர் தருகிறார்களா? சளி பிடித்தால் அலட்சியமாக இருக்காதே.

உன் தங்கை,
ரேணுகா

*

வேப்பம்பட்டு
7-12-2025

அண்ணா,

நலமா? உன் பதில் வரவில்லை. அதற்குள் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

போன செவ்வாய்க்கிழமை இங்கே பேய் மழை. ரயில் நின்று நின்று வந்தது. பாதிப் பேர் வேலைக்கே வரவில்லை. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது தட்டுகளில் மாத்திரை பரப்பி வைத்திருந்தது, நான் ஒருத்திதான் காவல். வெளிக்கதவு அன்றைக்குச் சரியாக மூடாமல் இருந்தது. அதன் இடுக்கு வழியாக மழைச் சத்தம் வந்தது. எத்தனை நாளாயிற்று அண்ணா, பகலில் மழையைக் கேட்டு! காலையில் இருட்டோடு உள்ளே போய்விடுகிறேன், வெளியே வரும்போது ஈரத் தரைதான் மிச்சம்.

உள்கதவைத் திறந்தேன். ஒரு நிமிஷம் என்றுதான் திறந்தேன். சாரல் காற்று வந்து என் முகத்தில், உதட்டில், கழுத்தில் பட்டது. மண் வாசனை. டேப் உருளை ஒன்றைக் கதவுக்கு அடியில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். நினைவே இல்லை. நாம் நான்கு பேரும் எங்கோ ஏரிக்கரையில் நடக்கிற மாதிரி என்னென்னவோ ஓடியது. விழித்துப் பார்த்தால் நாற்பது நிமிஷம் போயிருக்கிறது.

ஈரம் காட்டும் மீட்டரில் எப்போதும் இருபதுக்குள் இருக்கும் முள் அறுபதைத் தாண்டி நின்றது. தானாகப் பதிவு பண்ணும் மிஷின் அந்த வாரம் ரிப்பேர். கையால் எழுதும் தாளில் நான் பதினெட்டு என்று எழுதினேன். எப்போதும் எழுதுகிற எண். கை தானாக எழுதிவிட்டது என்று சொல்ல மாட்டேன், தெரிந்தேதான் எழுதினேன். எல்லோரும் வருவதற்குள் கதவைச் சாத்தினேன். முள் மெல்ல இறங்கிவிட்டது. அன்று மாலைக்குள் அந்த மாத்திரை முன்னூற்றுப் பன்னிரண்டு டப்பாவில் ஏறிவிட்டது. எடை சரியாகத்தான் இருந்தது.

நமுத்த மாத்திரை மெதுவாக எரியும் அண்ணா. பை தாமதமாக வரும். சில சமயம் தூளாகிப்போய்த் தாறுமாறாக எரிந்து டப்பாவே உடையும். ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். நாற்பது நிமிஷம்தானே?

சொன்னால் வேலை போய்விடும். பிரியா படிப்பு, வீடு, எல்லாம் இந்த வேலையில்தான் நிற்கிறது. நான் என்ன செய்யட்டும்?

ரேணு

*

வேலூர்
15-12-2025

அன்புத் தங்கைக்கு,

நலம். நீ எழுதியது கிடைத்தது. படித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன்.

முதலில் ஒன்று கேள். கடிதத்தைக் கொடுத்த ஐயா, "யாருக்குப்பா மாத்திரை? நமுத்துப் போச்சுன்னு தங்கச்சி ரொம்பக் கவலப்படுதே" என்றார். நீ ஏற்கெனவே டப்பாவைப் பற்றி எழுதியதை மறந்துவிட்டார் போலிருக்கிறது, இல்லை மறந்த மாதிரி கேட்டாரோ தெரியாது. அம்மாவுக்கு சுகர் மாத்திரை என்றேன். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது, மன்னித்துக்கொள்ளட்டும். "டப்பாக்குள்ள கொஞ்சம் அரிசி போட்டு வைக்கச் சொல்லு, ஈரம் இழுத்துக்கும்" என்று வைத்தியம் சொல்லி அனுப்பினார்.

நீ யாரிடமும் சொல்லாதே. கோபி சாரிடமும் வேண்டாம், உன் அண்ணி வடிவிடமும் வேண்டாம். எடை சரியாக இருந்தது என்கிறாய், முள் இறங்கிவிட்டது என்கிறாய், பார்த்தவர் யாரும் இல்லை. பிறகு என்ன? ஒரு வார்த்தையை வெளியே விட்டுவிட்டால் அதைத் திரும்ப வாங்க முடியாது. கோர்ட்டில் நின்றவன் சொல்கிறேன். இந்த விஷயத்தைக் கடிதத்திலும் இனி எழுதாதே.

கொஞ்ச நாள் போனால் மறந்துவிடும். மனது அப்படித்தான். உடம்பைப் பார்த்துக்கொள்.

மணவாளன்

*

வேப்பம்பட்டு
4-1-2026

அன்புள்ள அண்ணனுக்கு,

புது வருடம் உனக்கு விடுதலையாக அமையட்டும். அண்ணி உன் பேருக்கு அர்ச்சனை செய்தாள். பிரியாவுக்கு லேசாக ஜலதோஷம், மற்றபடி நலம்.

நீ சொன்னபடி யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனியில் போன வாரம் எனக்குப் பரிசு கொடுத்தார்கள், எவர்சில்வர் டிபன் கேரியர். இரண்டு மாதமாக என் தாளில் ஒரு தப்பும் இல்லையாம். கை தட்டினார்கள். துலுக்கானம் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, பிரைஸ் வாங்கிகினு எழவு ஊட்டுக்கு வந்தவ மாதிரி நிக்கிற?" என்றது. பல்வலி என்றேன்.

அந்த டப்பாக்கள் எங்கள் அறையைவிட்டுப் போய்விட்டன. எந்தக் காருக்கு, எந்த ஊருக்கு என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாக்கத்தில் அண்ணியின் சித்தி வீட்டுக்குப் போனோம். மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது புதுக் கார்கள் மாலையோடும் எலுமிச்சம்பழத்தோடும் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு ஸ்டீயரிங்குக்கு உள்ளேயும் ஒரு பை மடிந்து தூங்குகிறது. அதில் எது என்னுடையது? மூன்று பஸ்ஸை விட்டுவிட்டேன். அண்ணி திட்டினாள்.

கனவிலும் அதேதான். வெள்ளைப் பை விரிகிறது, விரிகிறது, முகத்துக்கு முன்னால் வந்து சேரவே மாட்டேன் என்கிறது. அந்த முகம் யாருடையது என்று பார்ப்பதற்குள் விழித்துவிடுகிறேன்.

ஒன்று கேட்கட்டுமா? கோபித்துக்கொள்ளாதே. நீ கோர்ட்டில் பிரேக் பிடிக்கவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னாய். யாரும் நம்பவில்லை. இன்ஸ்பெக்டர் பிரேக் சரியாக இருந்தது என்று எழுதிக் கொடுத்ததைத்தான் நம்பினார்கள். உண்மை சொல்லியும் ஜெயில் என்பதால்தான், சொல்லாதே என்று எனக்குச் சொல்கிறாயா? உண்மை மேலேயே உனக்கு வெறுத்துப்போய்விட்டதா அண்ணா?

பொங்கலுக்கு அங்கே கரும்பு தருவார்களா?

உன் தங்கை,
ரேணுகா

*

வேப்பம்பட்டு
1-2-2026

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? நான் எழுதி நான்கு வாரம் ஆகியும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் கேட்டது தப்பென்றால் தப்புதான், விட்டுவிடு. அண்ணி தபால்காரரைப் பார்த்தாலே எழுந்து நின்றுவிடுகிறாள்.

பக்கத்து வீட்டு அஸ்வின் தம்பி புதுக் கார் வாங்கியிருக்கிறான். நேற்று பிரியாவை ஏற்றிக்கொண்டு ஒரு ரவுண்டு போனான். அவள் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் கையாட்டினாள். இறங்குடி என்று கத்திவிட்டேன். தெருவே பார்த்தது. "அத்தைக்கு இன்னாச்சு?" என்று அவள் அண்ணியிடம் கேட்டாளாம். இன்னும் என்னோடு பேசவில்லை.

உடம்புக்கு முடியவில்லையென்றால் யாரையாவது விட்டு ஒரு கார்டாவது எழுதச் சொல்.

ரேணு

*

வேலூர்
10-1-2026
(சிறை முத்திரை: 9-2-2026)

அன்புள்ள ரேணு,

நலமாக இருக்கிறேன். நீயும் வடிவும் பிரியாவும் நலமாக இருக்க வேண்டும்.

உண்மை மேல் வெறுத்துவிட்டதா என்று கேட்டாய். அந்த வரியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். உண்மையை நான் சொன்னதே இல்லை ரேணு. பிரேக் நன்றாகத்தான் இருந்தது. இன்ஸ்பெக்டர் எழுதியதுதான் சரி.

நான் தூங்கிவிட்டேன்.

காஞ்சிபுரத்தில் கல்யாணம். முந்தின நாள் முழுக்க வேறு சவாரி ஓட்டியிருந்தேன், கல்யாணச் சாப்பாடு வேறு. மத்தியானம் இரண்டரை மணி. சாரும் வீட்டுக்கார அம்மா ராஜகுமாரியும் பட்டு வேட்டி, பட்டுப் புடவையோடு ஏறினார்கள். அந்த அம்மா பின்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார்கள். சார் முன்னால் என் பக்கத்தில். அவர் பேசிக்கொண்டேதான் வந்தார், முகப்பேரில் மாடியில் வைத்த முருங்கைச் செடியைப் பற்றி. அந்தக் குரல் தாலாட்டு மாதிரி இருந்தது. ரோடு வெயிலில் பளபளவென்று தண்ணீர் மாதிரி முன்னால் ஓடியது. கண்ணாடியை இறக்கி முகத்தில் காற்று வாங்கினேன், கிள்ளிக்கொண்டேன். நசரத்பேட்டை வரைக்கும் நன்றாக நினைவிருக்கிறது. ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு டீ குடிக்கலாம் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்றும் நினைத்தேன்.

பிறகு எனக்கு ஒரு கனவு வந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. பிரியா சின்னக் குழந்தையாக என் மடியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். கண் மூடியது மூன்று நொடி இருக்குமா, நான்கு இருக்குமா? அதற்குள் அத்தனை பெரிய கனவு. விழித்தபோது முன்னால் லாரி நின்றுகொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன். பிடித்தது. தூரம்தான் போதவில்லை.

ஸ்டேஷனில் கேட்டபோது பிரேக் என்று வாயில் வந்துவிட்டது. வந்ததைப் பிடித்துக்கொண்டேன். வக்கீல் அதை எழுதிக்கொண்டார், வடிவு நம்பினாள், நீ நம்பினாய். பிரியா அதைச் சொல்லித்தான் பள்ளிக்கூடத்தில் தலைநிமிர்ந்து நடக்கிறாள். இப்போது ஹைகோர்ட்டில் ஜட்ஜ் முன்னால் அதைத்தான் வைக்கப்போகிறார்கள்.

மறந்துவிடும் என்று உனக்கு எழுதினேன். பொய். மூன்று வருஷமாக ஒரு நாள் மறக்கவில்லை. ஆனால் உனக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. என் லாரி மோதி முடிந்துவிட்டது. உன்னுடையது இன்னும் ரோட்டில்தான் இருக்கிறது, மோதவில்லை. நீ போய்ச் சொல். வேலை போனால் போகட்டும். நாளைக் காலையே போய்ச் சொல்.

இதை ஐயா படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

மணவாளன்

*

வேப்பம்பட்டு
22-2-2026

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. வாசலிலேயே நின்று படித்தேன். உன் மேல் அப்படியொரு கோபம் வந்தது. அடப்பாவி, எத்தனை கோர்ட் வாசலில் உனக்காக நின்றேன் என்று வாய்விட்டே திட்டினேன். பிறகு அந்தக் கனவு இருந்த இடத்தை மறுபடி படித்தேன். அதற்கு மேல் திட்ட முடியவில்லை. கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை.

பதின்மூன்றாம் தேதி காலை கோபி சாரிடம் போனேன். செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போனேன், ஆபீஸ் அறைக்குப் போக அது தேவையே இல்லை. செவ்வாய்க்கிழமை, மழை, கதவு, பதினெட்டு என்று எழுதியது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். "மழை பாக்கவாம்மா?" என்றார். "ஆமா சார், மழ பாக்கத்தான்" என்றேன். வேறு காரணம் ஏதாவது இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கே எண்களைத் தேடினார்கள். முன்னூற்றுப் பன்னிரண்டில் இருநூற்றுப் பதினாறு இன்னும் கிடங்கில் இருந்தது. தொண்ணூற்றாறு வண்டிகளில் ஏறிவிட்டது. அந்த வண்டிகளை எல்லாம் திரும்பக் கூப்பிட்டு டப்பாவை மாற்றுகிறார்கள். அஸ்வின் தம்பியின் கார் அதில் இல்லை. இல்லை என்று தெரிந்தும் நடுக்கம் போகவில்லை. யார் வீட்டு வாசலிலோ தொண்ணூற்றாறு நிற்கிறதே.

கிடங்கில் இருந்ததில் இருபதை எடுத்துப் பை மாட்டிப் பற்றவைத்துப் பார்த்தார்கள். எதிரே பொம்மைத் தலை. கோபி சார் என்னையும் தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்தார். பிறகு மெதுவாக ஓட்டிக் காட்டினார். பதினெட்டு நன்றாகவே வந்தது. பை நிரம்பிக் காத்திருந்தது, தலை வந்து சாய்ந்தது. இரண்டில் தலை முன்னால் வந்துவிட்டது. பை கிளம்பிக்கொண்டுதான் இருந்தது. விரிந்தது, அழகாகத்தான் விரிந்தது, ஆனால் தலை அதற்கு முன்பே ஸ்டீயரிங்கைத் தொட்டுவிட்டது. இருபதில் இரண்டு அண்ணா. நீ எழுதாமல் இருந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன்.

என்னை நிறுத்திவிட்டார்கள். தப்பாக எழுதியதற்கு விசாரணையும் உண்டு. கேட்டுக்கு வெளியே துலுக்கானம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாயத் தொறந்தியே, அது போதும். வேல எங்கயும் கீது" என்றது. வேலை போனதை அண்ணியிடம் சொல்லிவிட்டேன். திட்டினாள், பிறகு சோறு போட்டாள். அடுத்த வாரத்திலிருந்து ஒரு தையல் கம்பெனிக்குப் போகிறேன்.

ஒன்று புரியவில்லை. உன் கடிதத்தில் ஜனவரி பத்து என்று இருக்கிறது. முத்திரை பிப்ரவரி ஒன்பது. ஒரு மாதம் அது எங்கே இருந்தது? அந்த ஒரு மாதத்தில் எத்தனை டப்பா வண்டியில் ஏறியதோ!

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் தங்கை,
ரேணுகா

*

வேலூர்
2-3-2026

அன்புத் தங்கை ரேணுவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இருபதில் இரண்டு என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வேலை போனதற்கு வருத்தப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் நீ செய்தது பெரிய காரியம்.

கடிதம் எங்கே இருந்தது என்று கேட்டாய். ஐயாவின் மேஜை டிராயரில் இருந்தது.

ஒரு சனிக்கிழமை கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "மணவாளா, இதுல முத்திரை குத்தினா இது ஆபீஸ் தாள். நாளைக்கு யார் கேட்டாலும் நான் படிச்சேன்னுதான் சொல்லணும். உன் கேசு அதோட முடிஞ்சுது. எடுத்துக்கிட்டுப் போ. நான் பாக்கல" என்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன் ரேணு. பொய் சொல்ல மாட்டேன், வாங்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனேன். பிரியா பள்ளிக்கூடத்தில் சொன்னாளே, அது ஞாபகம் வந்தது. இதைக் கிழித்துவிட்டு உனக்கு மட்டும் வேறு மாதிரி எழுதிவிடலாம், போய்ச் சொல் என்று நாலு வரி போதும் என்று தோன்றியது. ஆனால் சொல்லாதே என்று எழுதியவன், காரணம் இல்லாமல் சொல் என்று எழுதினால் நீ கேட்பாயா? திரும்பி வந்து மேஜை மேல் வைத்தேன். "அனுப்புங்கய்யா" என்றேன்.

அவர் அனுப்பவில்லை. "ஒரு வாரம் யோசி" என்றார். அடுத்த சனிக்கிழமையும் கேட்டார். அதற்கு அடுத்ததும். நாலு சனிக்கிழமை. நாலு தடவையும் அதையேதான் சொன்னேன். அந்த மனிதர் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். வண்டியில் ஏறிக்கொண்டிருக்கும் டப்பாவைப் பற்றி நான் அவரிடம் எப்படிச் சொல்வது? அவருக்கு அது இன்னமும் அம்மாவின் சுகர் மாத்திரை. கடைசியில் ஒன்பதாம் தேதி, என் எதிரிலேயே குத்தினார். இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது, முதல் தடவை சரியாக விழவில்லை.

போன வாரம் நானே வக்கீலுக்கு எழுதிவிட்டேன், மனுவைத் திரும்ப வாங்கச் சொல்லி. மீதி நாளை இங்கேயே கழித்துவிட்டு வருகிறேன். ராஜகுமாரி அம்மாவுக்கும் ஒரு கடிதம் எழுதினேன். பதில் வராது. வர வேண்டியதும் இல்லை.

இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அடுத்த சனிக்கிழமைக்கு என்னைப் பார்க்க மனு போட்டுப் பிரியாவைக் கூட்டிக்கொண்டு வா. வழியில் எதுவும் சொல்லாதே. வடிவுக்குத் தெரிந்திருந்தால் அவளையும் சொல்ல வேண்டாம் என்று சொல். அந்தப் பிள்ளை எத்தனை பேரிடம் எனக்காகச் சண்டை போட்டிருக்கிறது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, அவள் முகத்தைப் பார்த்து, நான்தான் சொல்ல வேண்டும்.

உன் அண்ணன்,
மணவாளன்